மதினியும் குறுக்கு வயரும்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிரசவம் வரைக்கும் படுக்கைதான். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பதால் தலை தாழ்ந்து கால் மேலே இருக்கிறது. கழிவறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்தெல்லாம் சரிந்து ஓடுகிறது.

வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். இன்ஜின் அறையில் எலக்ட்ரீஷியன். நவம்பர் கடைசியில்தான் இறங்க முடியும். போவதற்கு முன் தன் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். இன்று காலை தென்காசி பஸ்ஸில் அந்த அக்கா வந்து இறங்கிவிட்டார். உலகம்மாள் மதினி. தனியாக வீடு எடுத்துத் துணி தைத்துப் பிழைக்கிறவர். கல்யாணமாகி சில வருடங்களிலேயே திரும்பி வந்துவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏன் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வந்ததும் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “எந்திரிக்காத.”

ஆகஸ்ட் 6, புதன்

மின்விசிறிக்கு மூன்று இறக்கை. ஒன்றில் மட்டும் தூசி அதிகம்.

ஆகஸ்ட் 9, சனி

மதினி சிரிக்கவே மாட்டார் போலிருக்கிறது. நான் புரண்டு படுத்தால் கதவோரம் வந்து நிற்கிறார். இருமினால் வருகிறார். பேச்சென்று ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக் கத்திக்கொண்டிருந்தவளுக்கு இந்த அமைதி தாங்கவில்லை.

டிவியைப் படுக்கையறைக்கு மாற்றினோம். இரும்பு ஸ்டூலில் வைத்துத் தனியாகவே நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் கேபிள் வயர் இங்கே வரை எட்டவில்லை. கேபிள்காரர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறார். டிவிடி பிளேயர் போன வருடமே செத்துவிட்டது. லேப்டாப்பில் வீட்டுக்காரர் சேர்த்து வைத்த படங்கள் நிறைய இருக்கின்றன. வயிற்றருகே சூடு ஆகாது என்று அதற்கும் தடை.

அப்போதுதான் பரணில் கிடக்கும் கேம் பெட்டி ஞாபகம் வந்தது. அவர் சிங்கப்பூரில் யாரிடமோ பழசாக வாங்கியது. உள்ளே ஒரு சில்லு மாற்றிப் பொருத்தியிருப்பதால் வெளியாட்கள் எழுதிய மென்பொருளும் அதில் ஓடும். கல்யாணமான புதிதில் கார் பந்தயம் விளையாடிக்கொண்டே இருப்பார். அதில் மீடியா சென்டர் என்ற மென்பொருளை ஏற்றிவிட்டால், அந்தக் கருப்புப் பெட்டி படம் காட்டும், பாட்டுப் போடும், போட்டோவும் காட்டும். படுத்தபடியே ஜாய்ஸ்டிக்கால் எல்லாம் செய்துகொள்ளலாம்.

“மதினி, பரண்ல ஒரு பெட்டி இருக்கு. எடுத்துத் தருவீங்களா?”

“என்ன பெட்டி?”

“வெளையாட்டுப் பெட்டி.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் ஏணியை எடுத்து வந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மென்பொருள் இறங்கிவிட்டது. காலையில் ஆரம்பித்து சாயங்காலம்தான் முடிந்தது. நடுவே மின்வெட்டு.

இனி லேப்டாப்பையும் பெட்டியையும் நெட்வொர்க் வயரால் இணைத்து ஃபைல்களை அனுப்ப வேண்டும். பார்வையும் மூளையும் என்னுடையவை, கையும் காலும் மதினியுடையவை. லேப்டாப்பைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து வயர்களைச் செருகினார். மஞ்சள் மஞ்சளில், சிவப்பு சிவப்பில். தையல்காரியின் விரல். ஒரு முறை சொன்னால் போதும்.

டிவியில் பச்சை வெளிச்சம் வந்தது. மெனு வந்தது. ஆனால் லேப்டாப்புக்குப் பெட்டி தெரியவில்லை. இரண்டுக்கும் நெட்வொர்க் முகவரி எண் சரியாகத்தான் கொடுத்தேன், கடைசி எண் மட்டும் வேறாக. இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஒரு கருவியை இன்னொன்றோடு நேராக இணைக்க ‘கிராஸ் ஓவர்’ வயர் வேண்டும். உள்ளே இருக்கும் கம்பிகள் இடம் மாறி இருக்கும். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கிற கம்பிக்குப் போக வேண்டும். சாதா வயரில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை மதினிக்கு விளக்கினேன்.

“அப்பம் ரெண்டும் நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி இருக்குன்னு சொல்லு,” என்றார்.

சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். உடனே, “வயித்தக் குலுக்காத” என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதினி பஜாருக்குப் போய் வயர் வாங்கி வந்தார். பெயர் மறந்துபோய், “குறுக்கு வயர் ஒண்ணு குடுங்க” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் விழித்தாராம். “ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்குக் கேக்கணும், அந்த வயர்” என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

மாட்டியதும் லேப்டாப்பில் பெட்டியின் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. நான் கை தட்டிவிட்டேன். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வந்துட்டா?” என்றார்.

ஃபைல்கள் போகத் தொடங்கிப் பாதி தாண்டியபோது கரண்டு போய்விட்டது. திரும்பி வந்ததும் பெட்டியை முடுக்கினால் வெறும் கறுப்புத் திரை.

இன்று இடுப்பில் லேசாக ஒரு வலி இருந்தது. போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்தோம். கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. ஊசி போட்டார்கள். தையல் பிடித்துத்தான் இருக்கிறதாம்.

மாலையில் அவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினார். குறுக்கு வயர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ரத்தம் பட்டதை நான் சொல்லவில்லை.

போனை வைத்ததும் மதினி கேட்டார். “தம்பிட்ட ஏன் சொல்லல?”

“அங்க இருந்துட்டு அவர் என்ன செய்வாரு மதினி?”

மதினி என் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

பழைய ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினோம். மின்வெட்டு நேரம் முடிந்த கையோடு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். லேப்டாப் திரையில் ஒரு பச்சைப் பட்டை மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல கரண்டு போயிட்டா?”

“திரும்ப மொதல்லேர்ந்துதான்.”

“மொதல்லேர்ந்து போடலாம்லா. அப்பம் இதுக்குப் பரவால்ல.”

ஊசியில் நூல் கோத்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார். “எனக்கும் ஏழாம் மாசம் வரைக்கும் நின்னுச்சு.”

நான் அசையாமல் கிடந்தேன்.

“வளைகாப்பு நடந்து நாலு நாளு. வீட்டுல எல்லாரும் கோயில் கொடைக்குப் போயிருந்தாங்க. நான் மட்டும் இருந்தேன். பக்கத்து வீட்டுலயும் ஆளு கெடையாது. கூப்பிட்டு கூப்பிட்டுத் தொண்ட போயிட்டு. அடுத்ததும் அதே ஏழாம் மாசம். அப்புறம் அவரு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. எங்கம்மா கூட வந்துட்டேன்.”

ஊக்கை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

“அதுக்குப் பெறகு ஊர்ல ஒரு வளைகாப்புக்கும் போறதில்ல. கூப்பிடவும் மாட்டாங்க. தம்பி இங்க வரச் சொன்னப்பகூட, வேண்டாம்டா, வேற யாரயாவது பாருன்னுதான் சொன்னேன். அவந்தான் கேக்கல.”

“பட்டை எவ்வளவு வந்திருக்கு மதினி?” என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தார். “முக்காவாசி.”

வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.

கரண்டு போகவில்லை. முழுவதும் ஏறிவிட்டது. ஆனால் இருவருக்கும் அசதியாக இருந்ததால் பெட்டியை முடுக்கிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஓடுகிறது! காலையில் மதினி பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை. கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு நீல நிறத்தில் மெனு வந்தது: படங்கள், இசை, புகைப்படங்கள், எல்லாம் ஆங்கிலத்தில்.

முதலில் போட்டது சினிமா இல்லை. போன பயணத்தில் கப்பலின் மேல்தளத்திலிருந்து அவர் எடுத்த ஒரு சின்ன வீடியோ. கடல்தான், வேறொன்றும் இல்லை. கேமராவைத் திருப்பித் தன் முகத்தையும் காட்டி, “பகவதி, சாப்பிட்டியா?” என்று காற்று இரைச்சலுக்கு மேல் கத்துகிறார்.

மதினி டிவிக்குக் கிட்டே போய் நின்றுகொண்டார். “இம்புட்டுத் தண்ணியா? இதுக்கு நடுவுலயா இருக்கான்?” என்றார். பிறகு, “மெலிஞ்சுட்டானே” என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

சீக்கிரமே விழித்துவிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதினி ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கடல். தம்பியின் முகம். முடிந்ததும் மறுபடியும் கடல்.

நான் தூங்குவதாகவே இருக்கட்டும் என்று கிடந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதினி எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்க நேரமாகிறது. நடுவில் உள்ள படத்தைப் போடச் சொன்னால் மேலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார். அதனால் எல்லா ஃபைல்களின் பெயரையும் தமிழில் மாற்றினேன். ஒரு நாள் வேலை. பெருமையாகப் பெட்டியை முடுக்கினால், ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் சின்னச் சின்னக் கட்டம். பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. சரியாப் போச்சு,” என்றார் மதினி.

செப்டம்பர் 4, வியாழன்

பெட்டியின் எழுத்துரு ஃபைலை எடுத்துவிட்டுத் தமிழும் உள்ள வேறொன்றை அதே பெயரில் வைத்தேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. கொம்பும் காலும் இடம் மாறித்தான் நிற்கின்றன. ‘கொ’ வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம் தனியாகத் திரிகிறது. இருந்தாலும் மதினி கடகடவென்று வாசித்துவிட்டார்.

“நாங்க தப்பும் தவறுமா எழுதி அனுப்புற கடுதாசிய தம்பி வாசிக்கான்லா. அது மாதிரிதான்.”

ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை அவரே தேடிப் போட்டார். பாதியில் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தையும் ஒரு உதை உதைத்தது.

மதினியின் கையை எடுத்து வயிற்றில் வைக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

கோவில்பட்டியிலிருந்து அம்மா பேசினாள். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். நாலு பேரை மட்டும் வைத்துக் கட்டிலிலேயே வளையல் போட்டுவிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாளாம்.

“ஏட்டி, அன்னைக்கு அவ இருப்பாளா?”

“எவ?”

“தெரியாத மாதிரி கேக்காத. ஒரு நாளைக்குத் தென்காசிக்குப் போயிட்டு வரச் சொல்லு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. உனக்கும் ஒண்ணு போயிருக்குல்லா. பயமா இருக்குட்டி.”

அம்மாவோடு சண்டை போடத் தயாராக இருந்தேன். கடைசி வார்த்தையைக் கேட்டதும் போட முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையிலேயே மதினி குளித்துப் பையோடு நின்றார். “நான் கோயிலுக்குப் போயிட்டு சாயங்காலமா வாரேன். சோறு வடிச்சு வச்சிருக்கேன்.”

“பைய எதுக்குக் கோயிலுக்கு?”

பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அம்மா ஏதும் சொன்னாங்களா?”

“ஒங்கம்மா ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்லணுமா? எனக்கே பயமா இருக்கு பகவதி. என் கை படக் கூடாதுன்னு நானே நெனைக்கேன்.”

அம்மா தாம்பாளத்தோடு கதவருகில் வந்து நின்றுவிட்டாள்.

“இத்தனை நாளும் என்னைக் குளிப்பாட்டுனது யாரு கை? ரத்தத் துணியத் தொவச்சது யாரு? அதுக்கெல்லாம் ஆகும், வளையலுக்கு மட்டும் ஆகாதா?” சத்தமாகச் சொல்லிவிட்டேன். ரத்தம் பற்றி அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவள் முகம் மாறியது.

மதினி பக்கம் கையை நீட்டிக்கொண்டே கிடந்தேன். கை வலித்தது.

மதினி பையைக் கீழே வைத்தார். தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தார். அவர் கை நடுங்கியதில் வளையல் என் கட்டைவிரலிலேயே நின்றுவிட்டது. விரல்களைக் குவித்து, மெல்ல நெருக்கி, உடையாமல் உள்ளே தள்ளினார். இன்னொரு கைக்கும் போட்டார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மா அடுத்த வளையலைப் போட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வளையல் போட்டு நாலு நாள் ஆகிவிட்டது. மதினி மூன்று இரவாகத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. இன்று நானே ஜாய்ஸ்டிக்கை வாங்கிப் படம் போட்டேன். பாதியில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார். படத்தின் சத்தத்தைக் குறைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் இப்போது ஒழுங்காக நேரம் போகிறது. காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் படம், சாயங்காலம் அவர் மின்னஞ்சலில் அனுப்பும் போட்டோக்கள். எதிர்வீட்டு அக்காள்கூட வந்து பார்க்கிறார். “இது என்ன டிஷ்?” என்று கேட்டார். மதினி, “டிஷ்ஷெல்லாம் இல்ல. சில்லு மாத்துன பெட்டி. நாங்களே போட்டோம்,” என்றார். நாங்களே.

அக்டோபர் 21, செவ்வாய்

பெண்.

அக்டோபர் 24, வெள்ளி

இப்போதுதான் எழுத முடிகிறது. செவ்வாய் காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. இன்னும் ஏழெட்டு வாரம் இருந்தது. நான் கத்துவதற்கு முன்பே மதினி வந்துவிட்டார். ஒரு வார்த்தை பதறவில்லை. ஆட்டோவில் என் தலை அவர் மடியில் இருந்தது. “நான் இருக்கேன், நான் இருக்கேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மிகவும் சின்னது. எனக்குக் காய்ச்சல். அது இறங்கும் வரை உள்ளே விட மாட்டார்களாம். இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

மதினியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சிலேயே இருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றால், “நல்லா இருக்கட்டும். நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிடுதேன்,” என்கிறார்.

என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வளையல்.

அக்டோபர் 27, திங்கள், தீபாவளி

என் தங்கைக்குத் தலை தீபாவளி என்பதால் அம்மா நேற்று கோவில்பட்டிக்குப் போனாள். காய்ச்சல் எனக்கு நேற்று மாலைதான் விட்டது. இன்று காலை நர்ஸ் சிஸ்டர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒங்க மதினிய ஒரு வழியா உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்.”

நேற்று மத்தியானம் நடந்ததாம். பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்கவில்லை. யாராவது நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், தோலோடு தோல் பட. எனக்கு அப்போது காய்ச்சல். சிஸ்டர் வராந்தாவுக்கு வந்து, “பகவதி பிள்ளைக்கு வீட்டு ஆளு யாரு?” என்று கேட்டிருக்கிறார். பெஞ்சில் இருந்தது மதினி ஒருவர்தான்.

“நான் வேண்டாம்மா. நான் ராசியில்லாதவ.”

“அதெல்லாம் செருப்போட சேத்து வெளிய விட்டுட்டு வாங்க. பிள்ளைக்குச் சூடு வேணும். கை கழுவுங்க.”

கழுவினாராம். கழுவிக்கொண்டே இருந்தாராம். சிஸ்டர்தான் குழாயை மூடினாராம்.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மதினி சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரி அங்கிக்குள், நெஞ்சின் மேல், ஒரு சின்னத் தலை மட்டும் தெரிந்தது. வெளியே தெருவில் சரவெடி வெடித்தது. மதினி உள்ளங்கையால் பிள்ளையின் காதை மூடினார். அந்தக் கை நடுங்கவில்லை.

கிட்டே போனேன். என் மகளை அப்போதுதான் முதலில் பார்த்தேன். மூக்கு அவள் அப்பாவைப் போல.

“மதினி, கை வலிக்கும். குடுங்க, நான் வச்சுக்கிடுதேன்.”

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறு பகவதி,” என்றார். “இப்பந்தான் உறங்குதா.”

பொறுத்திருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். எடை கூடியிருக்கிறது. அவர் போனில் அழுதார். இறங்கும் தேதி உறுதியாகிவிட்டதாம்.

அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் ஆட்டோவிலிருந்து மெல்ல இறங்கினேன். மதினி பிள்ளையோடு பின்னால் வந்தவர் படிக்கு வெளியே நின்றுவிட்டார். பிள்ளையை என்னிடம் நீட்டினார், நான் கொண்டுபோகட்டும் என்று.

நான் கை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தட்டிலிருந்த சூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை உயர்த்தி மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றினாள்.

“உள்ள வா உலகம்மா,” என்றாள். “பிள்ள மேல வெயில் அடிக்கி.”